தோற்ற பிறகு வேலைக்கு வந்தவர்

"இந்த பஸ்ஸ நம்பியா பிளஸ் ஒன்னு சேர்ந்துகீற? நல்லா யோசிச்சுக்கோ பாப்பா."

ஜமுனாமரத்தூர் மேல்நிலைப் பள்ளிக்கு நான் போன முதல் நாள், என் புது யூனிபாரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு கண்டக்டர் கேட்டது இது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் மலைக்குள் ஒதுங்கிக் கிடக்கிற ஊர். அவர் பஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டுப் பேசினார். பஸ்ஸுக்குப் பின்னால் இருந்த மாஜியை அவருக்குத் தெரியாது.

பதவியில் இருக்கும்போது வேலை செய்தவர்கள் உலகத்தில் உண்டு. பதவி வரும் என்று வேலை செய்தவர்களும் உண்டு. பதவி போன மறுநாள் காலையில்தான் வேலையையே தொடங்கியவர் ஒருவர்தான். அவர் ஜவ்வாது மலையில், எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார்.

அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ரேஷன் கார்டில். ஊரில் அவர் மாஜி. அவர் மனைவியே, "இந்தா மாஜி, சோறு ஆறுது" என்றுதான் கூப்பிடுவார். ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவராக இருந்தார். அந்த ஐந்து வருஷமும் அவர் என்ன செய்தார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும், "வெள்ளச் சட்ட போட்டுகினு இருந்தாரு" என்பார்கள். மீட்டிங்குக்குப் போவார், வருவார். அதிகாரி வருகிறார் என்றால் ரோட்டில் நிற்பார். அதிகாரி வர மாட்டார். மறுநாளும் போய் நிற்பார். அடுத்த தேர்தலில் தோற்றார்.

தோற்ற மறுநாள் விடிந்ததும் தண்ணீர் டேங்க் ஏணியில் விறுவிறுவென்று ஏறினார். ஊரே பதறிக்கொண்டு கீழே கூடியது. "ஐயோ, ஓட்டு கம்மியாய்டுச்சுன்னு உயிர வுடலாமா தலைவரே!" என்று அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள்தான் அதிகமாக அழுதார்கள். அவர் மனைவி மட்டும் அசையவில்லை. "குதிக்கிற ஆளு பிளீச்சிங் பவுடரு வாங்கிகினா போவாரு?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அந்த டேங்க், கட்டியதிலிருந்து முதல் முறையாகக் கழுவப்பட்டது.

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. மோட்டார் ரிப்பேர், தெருவிளக்கு, பாம்பு கடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று எல்லாவற்றிலும் அவர். புதிய தலைவர் சாதுவான மனிதர். ஒரு புகாரைக் காதில் வாங்கி, அதைப் பற்றி அவர் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் மாஜி அதைச் சரிசெய்து முடித்திருப்பார். அடுத்த தேர்தலில் இருவரும் மறுபடி மோதினார்கள். சாதுத் தலைவர் பிரசாரத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "என்ன ஜெயிக்க வெச்சீங்கன்னா, மாஜியும் ஃப்ரீங்க."

ஊர் புரிந்துகொண்டது. எங்கள் அம்மா வாக்குச்சாவடியிலிருந்து வந்ததும் நான் கேட்டேன்: "ஏம்மா, மாஜி மாமாவுக்குத்தானே போட்ட?"

"இன்னாடி பேசற? அவர ஜெயிக்க வெச்சா டேங்க யாரு கழுவுறது?"

இப்படி, அவர்மேல் இருந்த மரியாதையினாலேயே எல்லோரும் சேர்ந்து அவரைத் தோற்கடித்தோம்.

தான் தனி ஆள் இல்லை என்பதில் மாஜிக்கு ஒரு பெருமை. பல நாடுகளில் ஜனாதிபதியாக, பிரதமராக இருந்து இறங்கியவர்கள் சும்மா வீட்டில் உட்காருவதில்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த மாதிரிச் செய்தி வந்தால் நான்தான் அப்பாவின் போனில் பார்த்துப் படித்துச் சொல்ல வேண்டும். பதவி முடிந்தபின் ஏழைகளுக்கு வீடு கட்டித் தருகிற ஒருவர், சண்டை போடுகிற இரண்டு நாடுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து பேசுகிற ஒருவர் என்று நான் படிக்கப் படிக்க, "ம்... ம்... நம்மாளு" என்று தலையாட்டிக்கொண்டே கேட்பார். ஆப்பிரிக்காவோ அமெரிக்காவோ, முன்னாள் என்றால் அவருக்குப் பங்காளி.

சமாதானப் பேச்சு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு பலா மரத்துக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு வீட்டாரை நடுத்தெருவில் உட்காரவைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசினார். கடைசியில் சமாதானம் வந்தது. இரண்டு வீட்டாரும் ஒன்று சேர்ந்து அவரை அனுப்பிவைத்தார்கள்.

அவர் செய்ததிலேயே பெரிய வேலை பஸ். அதுவும் தோற்ற பிறகுதான். அடிவாரத்தில் இருக்கிற டிப்போவுக்குப் போய், மேனேஜர் அறை வாசலில் ஒரு பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் போனார். பழம் பழுத்து, டிப்போ முழுக்க வாசம் பரவி, வேலையே ஓடாத நிலையில்தான் பஸ்ஸுக்குக் கையெழுத்து விழுந்தது என்பார்கள். சாயங்காலம் மலையேறி, ஜமுனாமரத்தூர் வழியாக எங்கள் ஊருக்கு வந்து, ராத்திரி இங்கேயே தங்கி, விடிந்ததும் திரும்பிப் போகிற பஸ். டிரைவரும் கண்டக்டரும் ஊரிலேயே படுக்க வேண்டும். நைட் ஹால்ட் என்பார்கள்.

அந்த பஸ்ஸினால்தான் நான் பத்தாவதுக்கு மேல் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை எப்போது சொன்னாலும் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்வேன், இப்போதும் நிமிர்ந்துதான் எழுதுகிறேன். ஹாஸ்டலில் விட அப்பாவுக்கு மனசில்லை. "பஸ்ஸு ஓடுற வரிக்கும் படி. நின்னுச்சுன்னா எங்க கூட காப்பித் தோட்டத்து வேலைக்குக் கெளம்பு" என்றார். வருஷத்தில் பாதி நாள் அம்மாவும் அப்பாவும் கர்நாடகத்துத் தோட்டங்களில்தான் இருப்பார்கள். ஆக, என் படிப்பு அந்த பஸ்ஸின் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது சரி. அதில் வந்த இருவரை மாஜி எப்படிப் பார்த்தார் என்பதில்தான் சிக்கல்.

"அரசாங்கம் நம்ம ஊருக்கு என்னிக்காவது வந்துகீதா?" என்று ஒருநாள் ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டார். இல்லை என்றார்கள். "பஸ்ஸு தெனம் வருது. பஸ்ஸு யாருது? அரசாங்கத்துது. அப்போ அதுல வர்ற ரெண்டு பேரு யாரு?"

அரசாங்கம்தான் என்று ஊர் தலையாட்டியது.

அன்று முதல் பஸ் வந்து நின்றதும் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாமந்திப்பூ மாலை. கை கால் கழுவ வெந்நீர். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு. அவர்கள் ஏப்பம் விடுவதற்குள் குறை கேட்கும் கூட்டம். பென்ஷன் வராதவர்கள், பட்டா இல்லாதவர்கள், டிரான்ஸ்பார்மரில் பொறி பறக்கிறது என்பவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். கண்டக்டர் பாவம், துண்டால் முகத்தைத் துடைத்தபடி கெஞ்சுவார்.

"பெரியவரே, நான் டிக்கெட் கிழிக்கிறவங்க."

"பாத்தீங்களா, எவ்ளோ தன்னடக்கம்!" என்று மாஜி கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார். கூட்டம் கைதட்டும்.

டிரைவர் எதுவும் பேச மாட்டார். அதனால் அவர்தான் பெரிய ஆபீசர் என்று ஊர் முடிவு செய்து, பட்டா விஷயத்தையெல்லாம் அவரிடமே சொன்னது.

காலையில் வழியனுப்பு விழா. மாஜி பேசுவார். பேசுவது பம்பருக்கு முன்னால் நின்று. அவர் முடிக்காமல் வண்டியை எடுக்க முடியாது. தன் பதவிக்காலத்தில் ஆரம்பித்து, உலகத்து முன்னாள் தலைவர்கள் வழியாக, "நல்லபடியா போய்ட்டு சாயங்காலம் வந்துடுங்க" என்று அவர் முடிப்பதற்குள் எங்கள் பள்ளியில் பிரேயர் முடிந்திருக்கும். நான் வகுப்புக்கு வெளியே நின்ற நேரத்தைக் கூட்டினால் இன்னொரு பட்டம் வாங்கியிருக்கலாம்.

இதில் வேடிக்கை, அந்த ரூட்டுக்கு வருகிற ஆட்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறிக்கொண்டே இருந்தார்கள். முதல் நாள் என்னைக் கேள்வி கேட்ட கண்டக்டர் தீபாவளிக்கு முன்பே காணாமல் போனார். மாஜிக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

"நம்ம ஊர்ல வேல பாத்தா புரமோஷன் கியாரண்டி!"

புது ஆள் வர வர மாலை தடித்தது. கூட்டம் நீண்டது.

நான் பிளஸ் டூ படித்த வருஷம், கார்த்திகை மாசம். அப்போது வந்துகொண்டிருந்த கண்டக்டர் படவேட்டுக்காரர், டிரைவர் கண்ணமங்கலத்துக்காரர். ஒருநாள் காலை பஸ் கிளம்பியதும் கண்டக்டர் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாப்பா, நீ பிளஸ் டூ இல்ல?"

"ஆமாண்ணா."

"வர்ற வாரத்தோட ஹால்ட் கேன்சல் ஆவப் போவுது. வண்டி ஜமுனாமரத்தூரோட திரும்பிடும். உனக்கு எதுனா ஏற்பாடு பண்ணிக்கோ."

"ஏண்ணா? ரோடு சரியில்லயா?"

"ரோடு நல்லாத்தான் கீது."

"குளிரா?"

"போத்திகினா போச்சு."

"அப்புறம் இன்னாண்ணா?"

"உங்க மாஜி!" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "தெனமும் லேட்டு. லேட்டானா மெமோ. டிப்போல இந்த ரூட்டுப் பேரச் சொன்னாலே எல்லாரும் லீவு போடுறான். நான் மாலையோட போட்டோ புடிச்சு வூட்டுக்கு அனுப்பிச்சேன். என் சம்சாரம் கேக்குறா, அங்க இன்னா உனக்கு ரெண்டாம் கல்யாணமான்னு. டிரைவரண்ணன் வாயத் தொறக்கல, ஆனா வேற ரூட்டு வேணும்னு எழுதிக் குடுத்துட்டாரு." டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் ஊர் கூடியது. விஷயம் எல்லோருக்கும் விளங்கியது. மாஜியிடம் சொல்லியாக வேண்டும். யார் சொல்வது? பஸ்ஸைக் கொண்டுவந்தவரிடம் போய், பஸ்ஸை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று எப்படிச் சொல்வது?

"நான் சொன்னா எதிர்த்தரப்பு சதின்னுவாரு" என்று சாதுத் தலைவர் கழன்றுகொண்டார். அம்மா என்னைக் கை காட்டினார். "படிச்சவ இவதான். இவளே சொல்லட்டும்." வீட்டில் முதலில் படித்தவளாக இருப்பதில் இது ஒரு தொல்லை. கரண்ட் பில் படிப்பது, மாத்திரை அட்டையைப் பார்ப்பது, பெரிய மனிதரின் மனசைப் புண்படுத்துவது எல்லாம் நம் தலையில்தான் விழும்.

மறுநாள் சனிக்கிழமை. நான் போனபோது மாஜி சாயங்காலத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. நம்மாளுங்க சேதி எதுனா வந்துகீதா?"

நேராகச் சொல்லத் துணிவில்லை. போனை எடுத்து, பார்த்துப் படிப்பது போல ஆரம்பித்தேன். "ஒரு நாட்டுல ஒரு முன்னாள் பிரதமரு மாமா. பதவி முடிஞ்சதும் தெனம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயி ஒத்தாசை பண்ணாராம். ஆனா அவரு வந்தாலே டாக்டருங்கள்லாம் எழுந்து வணக்கம் சொல்லிகினே நின்னாங்களாம். நோயாளிக்கு ஊசி போட நேரமில்லையாம். அதனால அவரு இனிமே முன்பக்கமா வர்றதில்லன்னு முடிவு பண்ணிட்டாராம்."

மாஜியின் கை பூவோடு நின்றது.

"எந்த நாடு?"

"போர்ச்சுகல் மாமா."

"போனக் குடு."

வாங்கிப் பார்த்தார். திரையில் எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிதான் இருந்தது.

"போர்ச்சுகல்ல ஆடு நல்லா கொழுகொழுன்னு கீது" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"கண்டக்டரு சொன்னாரா, டிரைவரு சொன்னாரா?"

"கண்டக்டரு மாமா. மெமோ குடுக்குறாங்களாம். அடுத்த வாரத்தோட ஹால்ட் இல்லன்னாரு."

"டிரைவரு?"

"அவரு வேற ரூட்டு கேட்டு எழுதிக் குடுத்துட்டாராம்."

அதுதான் அவரைத் தாக்கியது என்று நினைக்கிறேன். பேசாத ஆபீசர்மேல் அவருக்குத் தனி நம்பிக்கை இருந்தது. "பட்டா சேதியெல்லாம் கேட்டுகினாரேம்மா" என்றார் மெதுவாக. பிறகு, "உனக்குப் பரீட்ச எப்போ?" என்றார்.

"அரையாண்டு அடுத்த மாசம். பெருசு மார்ச்சுல."

"போய்ப் படி."

அன்று சாயங்காலம் அந்த மாலை அவர் வீட்டுப் பசுவின் கழுத்தில் இருந்தது. பஸ் வந்ததும் கண்டக்டர் பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டே இறங்கினார். யாரும் இல்லை. நிமிர்ந்து நாலா பக்கமும் சந்தேகமாகப் பார்த்தார். மாஜியின் மனைவி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கூட்டம் இல்லை. மறுநாள் காலை பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. பேச்சு முடிவதற்குள் போய்விடலாம் என்று வீட்டில் நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்த பாதிப் பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

மாஜியைப் பகலில்கூடப் பார்க்க முடியவில்லை. "எங்க உங்க வூட்டுக்காரரு?" என்று கேட்டால் அவர் மனைவி, "கொல்லிக்குப் போய்கீறாரு" என்பார். கொல்லி என்றால் நிலம். அதில் அந்த வாரம் அப்படி ஒரு வேலையும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் ஏதோ சாவு நடந்தது போல இருந்தது. தெருவிளக்கு எரியாததைக்கூட யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. ராத்திரியெல்லாம் கொட்டி, விடியும்போது தூறலானது. மழை பெய்தால் ஊரைத் தாண்டிய இறக்கத்தில் மண்ணும் கல்லும் சரிந்து ரோட்டை அடைக்கும், பஸ் பாதி நாள் அங்கேயே நிற்கும். அன்றும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். ஆனால் முதல் வளைவில் கல் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. சரிந்த கல்லெல்லாம் யாரோ பார்த்துப் பார்த்து நகர்த்தியது போல ஓரமாகக் கிடந்தன.

மூன்றாவது வளைவில், ஹெட்லைட் வெளிச்சத்தில், தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு ஆள் கடப்பாறையால் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸைப் பார்த்ததும் கடைசியாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு, ஓடிப்போய் ஒரு புளிய மரத்துக்குப் பின்னால் ஒளிந்தார். புளிய மரம் பெரியதுதான். மாஜியின் வயிறு அதைவிடக் கொஞ்சம் பெரியது.

டிரைவர் வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி வெளியே தலையை நீட்டினார். அவர் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன், கனமான நல்ல குரல்.

"தலைவரே! ஏறுங்க. நனையாதீங்க."

மரத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நான் இங்க இல்லீங்க."

பஸ்ஸுக்குள் யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு வாய் டீயாவது சாப்ட்டுப் போலாம், வாங்க" என்றார் டிரைவர்.

மாஜி பாதி முகத்தை மட்டும் வெளியே காட்டினார். கோணிப்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பேசியே பழகிய மனிதர், கையை வீசி அவசர அவசரமாகச் சொன்னார்:

"லேட்டாவுதுங்க. பாப்பாவுக்கு ஸ்கூலு. போங்க, போங்க!"

டிரைவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் அடுத்த கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஹால்ட் கேன்சல் ஆகவில்லை. அடுத்த வாரமும் ஆகவில்லை. டிரைவர் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று கண்டக்டர் சொன்னார். நான் பரீட்சை எழுதினேன், பாஸானேன், திருவண்ணாமலையில் பட்டம் வாங்கினேன். இப்போது ஜமுனாமரத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பகல் முழுவதும் மற்றவர்களுக்கு மனு எழுதித் தருகிறேன், சாயங்காலம் அதே பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன். மழைக்காலத்தில் மாஜி இன்னும் அந்த இறக்கத்துக்குப் போகிறார். இப்போது ஒளிவதில்லை. ஆனால் பஸ் பக்கத்தில் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சும்மா காற்று வாங்க வந்தவர் போல வானத்தைப் பார்ப்பார்.

இந்த முறை எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நிற்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா, "அவரு இன்னா சொல்றாருன்னு கேட்டுகினு வா" என்றார். போய்ச் சொன்னேன். மாஜி மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பதவில கீற வரிக்கும் ஒண்ணும் ஓடாது பாப்பா. மனசத் தளர வுடாத. அந்த அஞ்சு வருஷத்த எப்டியோ தள்ளிட்டு வந்துடு. அப்புறம் சேந்து செய்யலாம், நெறைய வேல கீது."

நேற்று மனு தாக்கல் செய்துவிட்டு வந்தேன். ஜெயித்தால் ஐந்து வருஷம். அது முடிந்து நான் வேலைக்கு வந்து சேருகிறவரை மாஜி திடமாக இருக்க வேண்டும்.